வீடியோவை ஊடாடும் பாடமாக மாற்றுவது எப்படி? பாம்பன் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

பாம்பனில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விசைப்படகில் தொழிலுக்குப் போகும் பையன்களுக்குச் சொல்லித்தர, அரை மணி நேர வீடியோ பதினொன்று எடுத்து வைத்திருக்கிறாராம். ஐந்து வீடியோ ஜிபிஎஸ் பார்ப்பது பற்றி, நான்கு வானிலை எச்சரிக்கை பற்றி, இரண்டு ஆபத்தில் உதவி கேட்பது பற்றி. பார்க்கிறவர்கள் மூன்று நான்கு நிமிஷத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். "ஊடாடும் இணையப் பாடம் என்கிறார்களே, அதை உள்ளே எப்படிக் கட்டுகிறார்கள்? வீடியோவுக்குக் கீழே நாலு கேள்வி போட்டால் போதுமா அண்ணே?" என்பது அவருடைய கேள்வி.

போதாது, தம்பி. வீடியோ முடிந்த பிறகு வரும் நாலு கேள்விக்குப் பெயர் பரீட்சை. பார்த்தவன் தேறினானா என்று அது சொல்லும். தேறாதவனுக்கு ஒன்றும் செய்யாது. ஊடாடும் பாடத்தில் கேள்வி நடுவில் இருக்கும். பையன் ஏதாவது ஒன்றைச் செய்வான், அவன் செய்ததைப் பொறுத்துப் பாடம் ஒரு பதில் சொல்லும், அதைக் கேட்டு அவன் மறுபடி செய்வான். வீடியோவும் படமும் குரலும் அவனை அந்த இடத்துக்குக் கூட்டிவருகிற வேலையைத்தான் செய்கின்றன. நான் மண்டபம் ஊரில் இருந்தபடி சில வருஷமாக இப்படிப்பட்ட பாடங்களை எழுதிவருகிறேன். என் நேரத்தில் பெரும்பகுதி, தப்பான விடை சொன்னவனுக்கு என்ன மறுமொழி கொடுப்பது என்று யோசிப்பதிலேயே போகிறது. கீழே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

அதற்கு முன், வரிசை. நீங்கள் வீடியோவில் தொடங்கிவிட்டீர்கள். பாடம் எழுதுகிறவர்கள் கடைசியில் இருந்து தொடங்குவார்கள்: இந்தப் பாடத்தை முடித்த பையன் என்ன செய்து காட்டுவான்? "ஜிபிஎஸ் பற்றி அறிந்துகொள்வான்" என்று எழுதினால் அதை வைத்து ஒரு திரைகூட அமைக்க முடியாது. அறிந்துகொண்டானா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? "ஜிபிஎஸ் திரையில் தெரிகிற இடக்குறியை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை), கேட்கிறவர் எழுதிக்கொள்ளும்படி, பிழையில்லாமல் வாயால் சொல்வான்" என்று எழுதுங்கள். இப்போது என்ன படம் வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தானாகத் தெரியும். பி.எட். படித்தவர்களுக்கு பெஞ்சமின் புளூம் 1956-இல் வகுத்த கற்றல் நிலைகள் நினைவிருக்கும்; 2001-இல் அவற்றைத் திருத்தி நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்று வினைகளாக மாற்றினார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தப் பட்டியலுக்கு இங்கேதான் உண்மையான பயன். உங்கள் பையன்களுக்கு வேண்டியது பயன்படுத்தலும் மதிப்பிடலும். ஜிபிஎஸ் என்ற சொல்லின் விரிவாக்கத்தைக் கேட்கும் கேள்வி அவர்களுக்கு எதற்கு?

அடுக்கு எளிதானது. மொத்தப் பாடநெறி, அதற்குள் அலகு, அலகுக்குள் பாடம், பாடத்துக்குள் திரைகள். ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு செயல். அதை முடிக்க ஆறு முதல் எட்டு நிமிஷம். 2014-இல் பிலிப் குவோவும் உடனிருந்தவர்களும் எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நான்கு பாடநெறிகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அங்கே படித்தவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்து, கணினி முன்னால் உட்கார்ந்தவர்கள். அவர்களுக்கே அப்படியென்றால், விடிய விடிய வலை இழுத்துக் கரை வந்து, மீனைத் தரம் பிரித்துப் போட்டுவிட்டு, போனைக் கையில் எடுக்கிற பையன் நான்கு நிமிஷம் பார்த்ததே பெரிது. தயவுசெய்து அவர்களைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள்.

துண்டாக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிதாக வரும் செய்திகளில் நான்கைந்துக்கு மேல் மனம் ஒரே நேரத்தில் ஏந்தாது. கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988 முதல் அறிவுச் சுமை என்று எழுதிவந்தது இதைத்தான். உங்கள் முதல் வீடியோவில் செயற்கைக்கோள், அட்சரேகை, தீர்க்கரேகை, பட்டன்கள், பாயிண்டு பதிவது, வழி போடுவது என்று எல்லாம் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. ஒவ்வொன்றும் சரிதான், ஆனால் மூன்றாவது வரும்போது முதலாவது நழுவிவிடுகிறது. செயற்கைக்கோள் விளக்கத்தை எடுத்துவிடுங்கள். அது இல்லாமலே படகு கரை சேரும்.

அலகுகளின் வரிசையையும் மாற்றச் சொல்வேன். நீங்கள் கருவியில் தொடங்கி, உதவி கேட்பதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். பாடப்புத்தகம் அப்படித்தான் போகும். கற்கிறவனுக்குத் தேவை எங்கே தோன்றுகிறதோ அங்கே தொடங்குவது நல்லது. முதல் திரையில் ஒரு வரி போதும்: "ராத்திரி பதினொரு மணி. எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணி ஏறுகிறது. நீ எங்கே இருக்கிறாய் என்று சொல்ல வேண்டும்." கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களும், படகில் பேசப் பயன்படும் விஎச்எஃப் வானொலிக் கருவியில் 16-ஆம் சேனலும் அந்த இடத்தில் வரட்டும். பிறகு இடக்குறி வாசிப்பதைச் சொல்லித்தந்தால், எதற்குப் படிக்கிறோம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஐந்து ஜிபிஎஸ் வீடியோவும் இந்த ஒரு தேவைக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிடும்.

இனி ஒரு திரைக்கு வருவோம். திரையில் 9° 12.5′ வடக்கு என்று இருக்கிறது. நம் பக்கத்துப் படகுகளில் உள்ள கருவிகள் பெரும்பாலும் இப்படித்தான், டிகிரியும் புள்ளி வைத்த மினிட்டுமாகக் காட்டும். கேள்வி: இதை டிகிரி, மினிட், செகண்டாக எப்படிச் சொல்வாய்? சரியான விடை 9 டிகிரி, 12 மினிட், 30 செகண்ட். தப்பான விடைகளை எங்கிருந்து எடுப்பது? வாய்க்கு வந்த எண்களைப் போடுவதுதான் பலரும் செய்வது, பாடம் செத்துப்போவதும் அங்கேதான். தப்பு விடை ஒவ்வொன்றும், ஒரு பையன் உண்மையில் யோசிக்கும் ஒரு வழியாக இருக்க வேண்டும்.

புள்ளிக்குப் பிறகு 5 இருக்கிறது, ஆகவே 5 செகண்ட் என்று ஒருவன் நினைப்பான். விலைச்சீட்டில் 12.5 என்றால் 12 ரூபாய் 50 பைசாதானே, அதுபோல 50 செகண்ட் என்று இன்னொருவன் நினைப்பான். மூன்றாமவன் டிகிரியையும் மினிட்டையும் ஒட்டவைத்து, போனில் உள்ள வரைபடத்தில் 9.125 என்று தட்டுவான். மூன்றும் தப்பு, ஆனால் மூன்றும் ஒரே தப்பு இல்லை. "தவறு, மீண்டும் முயற்சி செய்க" என்று மூவருக்கும் ஒரே சிவப்புப் பெட்டியைக் காட்டினால் அடுத்த பட்டனை அமுக்கிப் பார்ப்பார்கள். நாலு பட்டனில் எப்படியும் ஒன்று பச்சையாகும், ஒருவரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொருவனுக்கும் தனித்தனி மறுமொழி எழுதுங்கள். முதலாமவனிடம்: "12.5-இல் உள்ள .5 என்பது அரை. ஒரு மினிட்டுக்கு 60 செகண்ட். அப்படியென்றால் அரை மினிட் எத்தனை செகண்ட்?" இரண்டாமவனிடம்: "ரூபாய்க்கு நூறு பைசா. மினிட்டுக்கு எத்தனை செகண்ட்?" மூன்றாமவனுக்கு வரைபடத்தைக் காட்டுங்கள்: அவன் தட்டிய 9.125 டிகிரி என்பது 9° 7.5′. தான் நிற்கிற இடத்தில் இருந்து ஐந்து மினிட் தெற்கே ஒரு புள்ளி விழுந்திருப்பதை அவனே பார்க்கட்டும். விடையைச் சொல்லிவிடாமல், விடைக்கு முந்தைய படியில் அவனை நிறுத்துவதுதான் கைத்திறன்.

அடுத்து விளைவைக் காட்டுங்கள். அட்சரேகையில் ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். 5 செகண்ட் என்று சொன்னவன் 25 செகண்ட் குறைத்துச் சொல்லிவிட்டான், தேடி வருகிற படகு சுமார் 770 மீட்டர் தெற்கே தள்ளிப் போய் நிற்கும். 50 செகண்ட் என்றவனைத் தேடி 620 மீட்டர் வடக்கே போவார்கள். 9.125 என்றவனுக்கு வித்தியாசம் ஐந்து கடல் மைல், ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். இருட்டில், அலையில், முக்கால் கிலோமீட்டர் தள்ளி கவிழ்ந்த ஒரு வத்தை, அந்தச் சின்னப் படகு, கண்ணில் படுமா என்று அந்தப் பையன்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எல்லைக்கோடு இவ்வளவு பக்கத்தில் ஓடும் கடலில் அரை மைல் தப்புக்கு என்ன விலை என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை.

தப்புக்கு ஏற்ற வழி என்ற யோசனை புதிதன்று. 1950-களில் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் செய்த கற்பிக்கும் பொறி, கற்பவன் தப்பே செய்யாத அளவுக்குப் பாடத்தைச் சின்னச்சின்னப் படிகளாக நறுக்கியது. அதே காலத்தில் அமெரிக்க விமானப் படையினருக்குப் பயிற்சிப் பாடம் எழுதிய நார்மன் கிரௌடர் எதிர்வழியில் போனார். அவருடைய புத்தகங்களில் ஒவ்வொரு விடைக்கும் ஒரு பக்க எண் இருக்கும். தப்பு விடையைத் தேர்ந்தெடுத்தவன் திறக்கும் பக்கத்தில், அவன் ஏன் அப்படி நினைத்திருப்பான் என்பதும் அதில் எங்கே பிசகு என்பதும் எழுதியிருக்கும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-இல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிப் பாட அமைப்பிலும் இப்படிக் கிளை பிரியும் பாடங்கள் வந்தன. படிகளைச் சின்னதாக்குவதை ஸ்கின்னரிடமும், தப்பை மதிப்பதை கிரௌடரிடமும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் கிரௌடர் பக்கம்.

காற்றும் நீரோட்டமும் பற்றிய பாடத்திலும் இதே மாதிரி ஒரு நல்ல தப்பு காத்திருக்கிறது. வாடை வடக்கே இருந்து வருவது, கொண்டல் கிழக்கே இருந்து, கச்சான் மேற்கே இருந்து என்று பையன்களுக்குத் தெரியும். வானிலை அறிக்கையும் காற்றை அது வரும் திசையை வைத்துத்தான் சொல்லும். நீரோட்டத்துக்கு மட்டும் கடல்நூல் வழக்கு நேர்மாறு: எந்தத் திசையை நோக்கி ஓடுகிறதோ அந்தத் திசைதான் பெயர். வடகாற்றும் வடக்கு நீரோட்டமும் ஒன்றை ஒன்று எதிர்த்துப் போகின்றன. இதை யாரும் சொல்லித்தராவிட்டால் பத்தில் எட்டுப் பேர் இரண்டையும் ஒரே பக்கம் ஓட்டுவார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் தொடக்கத்தைக் கவனியுங்கள். பாடம் "காற்றின் திசை எட்டு வகைப்படும்" என்று ஆரம்பிக்கவில்லை. அவர்கள் வாயில் ஏற்கனவே இருக்கும் வாடையிலும் கச்சானிலும் ஆரம்பிக்கிறது. முதல் திரையில் "இப்போது அடிக்கிறது என்ன காற்று?" என்று கேட்டுவிட்டுத் திசைகாட்டிக்குப் போங்கள். தெரிந்ததைத் தட்டி எழுப்பி அதன்மேல் புதியதை ஏற்றுவது எல்லா நல்ல பாடத்துக்கும் பொது.

வானிலை அலகுக்குக் கிளைக் கதை பொருந்தும். "காலை நான்கு மணி. பாம்பனில் இரண்டாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறது. ஓனர் போகலாம் என்கிறார். நீ என்ன செய்வாய்?" இங்கே பையன்களிடம் ஊறியிருக்கும் எண்ணம், ஒன்று இரண்டு என்றால் சும்மா, மூன்றுக்கு மேல்தான் பயம் என்பது. உண்மையில் 1, 2 இரண்டும் தூரக் கடலில் உருவான மோசமான வானிலையைக் குறிப்பவை. இரண்டாம் எண் துறைமுகத்துக்கு ஆபத்தில்லை என்றும், துறைமுகத்தை விட்டு வெளியே போகிற கலத்துக்குத்தான் எச்சரிக்கை என்றும் பொருள்படும். கரையில் நிற்கிறவனுக்குச் சின்ன எண், கடலுக்குப் போகிறவனுக்கு அப்படியில்லை. 3, 4 துறைமுகப் பகுதிக்கே மோசமான வானிலை, 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஒவ்வோர் எண்ணையும் ஒரு முடிவோடு சேர்த்துக் கொடுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதைப் பாட்டி சொல்லிக் கேட்காத பிள்ளை நம் பக்கம் இல்லை. அதை விளக்கப்படமாக நீட்ட வேண்டாம், ஒரு வரி போதும்.

கிளைக் கதையில் ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று முடிவு, மொத்தம் மூன்று கட்டம் என்று வைத்தாலே 27 முடிவுரை எழுத வேண்டிவரும். புதிதாக எழுதுகிறவர்கள் இங்கே மூழ்கிப்போவார்கள். கிளை பிரிந்து, விளைவைக் காட்டி, மறுபடி ஒரே தண்டில் வந்து சேரும்படி அமையுங்கள். தப்பான முடிவெடுத்தவன் இரண்டு திரை வேறு வழியில் போய், அதன் விளைவைப் பார்த்து, அடுத்த கட்டத்தில் மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளட்டும்.

கேள்வி வடிவங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேர்ந்தெடுப்பது, எண்ணைத் தட்டுவது, படத்தில் இடத்தைத் தொடுவது, இழுத்துப் பொருத்துவது என்று பலவும் கிடைக்கும். இழுத்துப் பொருத்துவதை மட்டும் தவிர்ப்பேன். சின்னத் திரையில், கயிறு பிடித்துக் காய்த்த விரலில், அது பாடத்தைவிடக் கஷ்டமாகிவிடும். உங்கள் முதல் அலகின் கடைசிச் செயலுக்குக் குரல்பதிவு வையுங்கள்: படகின் பெயர், இடக்குறி, என்ன ஆபத்து, எத்தனை பேர் என்பதைப் பையன் பேசிப் பதிந்து அனுப்ப வேண்டும். போனில்தான் பேசிப் பழக வேண்டும், விஎச்எஃப் 16-இல் பழகிப் பார்க்கக் கூடாது என்று தெளிவாக எழுதிவிடுங்கள். அது ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் உள்ள சேனல்.

குரல் யாருடையது என்பதும் பாடத்தின் அமைப்பைச் சேர்ந்ததுதான். படத்தைக் குரலால் விளக்கும்போது, அதே சொற்களைத் திரையில் முழுதாக எழுதி வைத்தால் கண்ணும் காதும் ஒன்றை ஒன்று இழுக்கும் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். படம், பக்கத்தில் குரல், திரையில் எண்ணும் ஓரிரு சொல்லும் மட்டும் என்பது அவருடைய வழி. எட்டாம் வகுப்போடு படகேறிய பையன்களுக்கு இது இன்னும் பொருந்தும். வாசிக்கிற வேகம் அவர்களுக்குத் தடையாக இருக்கக் கூடாது. ஆனால் அந்தக் குரல் செய்தி வாசிக்கிற தமிழாக இருக்க வேண்டாம். பாம்பனில் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியைக் கேட்டிருப்பீர்கள். மீனவர்களுக்காக அவர்கள் பேச்சிலேயே பேசுகிறது. அந்த மொழி நடைதான் வேண்டும். "ஆழம் பத்து மீட்டர்" என்பதோடு, மீனவர்கள் ஆழம் அளக்கும் கணக்கில் எத்தனை பாகம் என்பதும் வரட்டும்.

குரலில் இன்னொரு லாபம் அளவு. 32 கிலோபிட் வேகத்தில் பதிந்த ஒரு நிமிஷக் குரல் கால் எம்பிக்குள் அடங்கும். அசையாத படத்தோடு குரலைச் சேர்த்தால் சிக்னல் மெலிந்த இடத்திலும் ஓடும். அசைவு காட்டியே ஆக வேண்டிய இடத்துக்கு மட்டும் வீடியோ வைத்துக்கொள்ளுங்கள்: உயிர்காப்பு அங்கியின் வாரைக் கட்டும் முறை அப்படிப்பட்டது.

எப்போது மறுபடி கேட்பது என்பதை வீடியோ எடுக்கிறவர்கள் யோசிப்பதே இல்லை. உளவியலாளர் எர்மன் எபிங்கவுஸ் 1885-லேயே மறதியை அளந்து காட்டினார். 2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பத்தியை ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் படித்தது, இன்னொரு கூட்டம் படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். இரண்டு நாள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். கடலில் தேவைப்படுவது ஐந்து நிமிஷ நினைவு இல்லை. ஆகவே ஒவ்வொரு பாடமும் முந்தைய பாடத்தின் ஒரு கேள்வியோடு தொடங்கட்டும், மூன்றாம் பாடத்தில் முதல் பாடத்தின் கேள்வி வேறு எண்ணோடு திரும்பி வரட்டும். படகு வாரத்தில் சில நாள்தான் போகிறது. கடலில் தங்கி மீன்பிடிக்கும் ஒரு தங்கல் போய் வந்த மறுநாள் இரண்டே கேள்வி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நம் கரையின் கால ஒழுங்கே இடைவெளிவிட்டுப் படிக்கத் தோதாக இருக்கிறது.

வாரக்கெடு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தில் பாடத்தை வீடியோ, வாசிக்கும் பகுதி, தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என்று நான்கு பகுதியாகப் பிரித்து, வாராவாரம் திறப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது நல்ல ஏற்பாடு. காற்று எழுந்தால் ஒரு நாளும், மீன் பட்டால் இன்னொரு நாளும் மாறிப்போகிற வாழ்க்கைக்கு அந்தக் கெடு ஒத்துவராது. ஆனால் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களில் இருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம்: எட்டு வாரப் பாடத்தில் எட்டு ஒப்படைப்புகளில் சிறந்த ஆறை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். இரண்டு வாரம் தவறியவனைப் பாடம் வெளியே தள்ளுவதில்லை. உங்கள் பாடத்திலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும் வசதியும், தவறியதை மன்னிக்கும் கணக்கும் இருக்கட்டும்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாக. மூடில் 2002-இல் இருந்து இருக்கும் இலவசத் திறமூலப் பாடத் தளம். அதன் செயலியில் பாடத்தைக் கரையில் இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பு இல்லாமல் செய்து, பிறகு சேர்க்கலாம். எச்5பி என்ற கருவியில் உங்கள் பழைய வீடியோவை வைத்தே, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கவும், விடையைப் பொறுத்து வேறு நொடிக்குத் தாவவும் செய்யலாம். உங்களுக்குத் தொடக்கத்துக்கு அதுவே போதும். ஸ்கார்ம், எக்ஸ்ஏபிஐ என்ற பெயர்கள் காதில் விழும். யார் எதுவரை முடித்தார், என்ன விடை சொன்னார் என்பதைப் பாடம் தளத்துக்குச் சொல்லும் ஒப்பந்த மொழிகள் அவை. முதல் அலகுக்கு அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒன்று மட்டும்: பக்கத்தைத் திறந்தவனை எல்லாம் "முடித்தார்" என்று எண்ணும் அமைப்பை அணைத்துவிடுங்கள். குரல்பதிவு அனுப்பியவன்தான் முடித்தவன்.

எழுதி முடித்ததும் ஐந்து பையன்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் போனைக் கையில் கொடுங்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. வானிலை பற்றி நான் எழுதிய ஆரம்பப் பாடம் ஒன்றில் ஏறக்குறைய எல்லாருமே முழு மதிப்பெண். படகுத்துறையில் அவர்களைப் பார்த்து அதே விஷயத்தைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் சொன்னான்: "எது நீளமா இருக்கோ அதை அமுக்குனேன் அண்ணே." சரியான விடையைத் துல்லியமாக எழுதவேண்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் அதை மற்றவற்றைவிட நீளமாக எழுதியிருந்தேன். அவர்கள் வானிலையைப் படிக்கவில்லை, என் எழுத்துப் பழக்கத்தைப் படித்திருந்தார்கள். அன்றிலிருந்து விடைகளின் நீளத்தைச் சமமாக்குவதும், இடத்தை மாற்றிப் போடுவதும், பத்துப் பேரில் ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்காத தப்பு விடையைத் தூக்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

எப்போது நடத்துவது என்றால், மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னுகிற, படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற அந்த நாட்களில் பையன்கள் கூட்டமாக ஒரே இடத்தில் இருப்பார்கள். பாடத்தைத் தனித்தனியாகப் போனில் செய்யட்டும், வாரத்தில் ஒரு சாயங்காலம் நேரில் சேர்ந்து, அனுப்பிய குரல்பதிவுகளைப் போட்டுக் கேளுங்கள். ஒருவன் சொன்ன இடக்குறியை இன்னொருவன் வரைபடத்தில் குத்திக் காட்ட வேண்டும். எந்த மென்பொருளும் கொடுக்காத மறுமொழி அந்த வட்டத்தில் கிடைக்கும்.

பதினொன்று வீடியோவையும் இப்போதைக்கு அப்படியே வைத்துவிடுங்கள், அழிக்க வேண்டாம். நாளைக் காலையில் பத்துப் பையன்களிடம் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, 9° 12.5′ என்று எழுதிக் காட்டி, இதைச் செகண்டோடு எழுது என்று சொல்லுங்கள். திருத்தாதீர்கள், சரியா தப்பா என்றும் சொல்லாதீர்கள். என்ன நினைத்து அப்படி எழுதினாய் என்று மட்டும் கேட்டு, அவன் சொன்னதை அந்தத் தாளின் ஓரத்திலேயே குறித்துவையுங்கள். தாள்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பினால், முதல் கேள்வியின் மூன்று தப்பு விடைகளையும் அவற்றுக்கான மறுமொழிகளையும் இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேர்ந்து எழுதிவிடலாம்.